துபாய் மாநாட்டுல கடைமடைக்காரங்கள பாத்த கதை

நான் 2023 டிசம்பர்ல துபாய் போயிருந்தனுங்க, ஐநா வருசா வருசம் நடத்தற காலநிலை மாநாடு, சிஓபி 28. அப்ப முதுகலை ரெண்டாம் வருசம். ஊரு வெள்ளகோயில் பக்கம், பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கடைமடை, தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம். இதுக்கெல்லாம் நேரா போயிர முடியாதுங்க, ஐநா அங்கீகாரம் இருக்கற ஒரு அமைப்பு பேருலதான் பேட்ஜ் வாங்கோணும், எனக்கு கெடச்சது ரெண்டாவது வாரம் மட்டும். தங்குனது துபாய்ல தேராங்கற ஏரியாவுல நம்மூரு அண்ணங்க ரூம்புல, எக்ஸ்போ சிட்டிக்கு மெட்ரோவுல போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல, அந்தக் கொடும வேண்டாம் உடுங்க.

பெரிய மேடை, பேச்சு, கைதட்டல்னுதான் நெனச்சுட்டு போனேன். உள்ள போனா ஒரு ரூம்புல ஸ்கிரீன்ல டாக்குமெண்ட போட்டு வரி வரியா மல்லுக்கட்டறாங்க. ஒத்துக்காத வார்த்தைய சதுர அடைப்புக்குறிக்குள்ள தூக்கி வெச்சுருவாங்க, ஒரே வரில நாலு, அதுக்குள்ள இன்னொன்னு. நாட்டுக்காரங்களுக்கு மேஜை மைக்கு பேருப்பலகை, நம்மளுக்கு சொவத்தோரம் சேரு. சிக்கலான எடம் வந்தா பார்வையாளருங்க வெளிய போங்கம்பாங்க, எங்களயும் ரெண்டு தடவ அனுப்புனாங்க. எனக்கு எங்கூரு பாசன சபை கூட்டம்தான் நெனப்பு வந்துச்சு. எங்கப்பாரு கூட சின்னதுல போயிருக்கறேன், எந்த மடைக்கு எத்தன நாளு தண்ணின்னு பொழுதோட வரைக்கும் இழுப்பாங்க, கடைசில மேல் மடைக்காரன் சொல்றதுதான் நோட்டுல ஏறும்.

வெளிய அனுப்புன ஒரு நாளு காரிடார்ல பக்கத்துல ஒரு பொண்ணு ஒக்காந்திருந்துச்சு, பசிபிக் கடல்ல இருக்கற கிரிபாட்டி தீவு நாடு (எழுதறதுதான் அப்பிடி, சொல்றது கிரிபாஸ்), படிக்கறது பிஜில. உங்கூட்டுல என்ன பண்றாங்கன்னு கேட்டேன். "கோப்ரா"ன்னுச்சு. எனக்கு ஒரு நிமிசம் பாம்புதான் கண்ணுல வந்துச்சு. அப்பறம் செல்லுல போட்டோ காட்டுச்சு பாருங்க, தேங்காய ரெண்டா ஒடச்சு வெயில்ல காயப் போட்டு, அட நம்ம கொப்பரைங்க! நானும் காங்கயம் களத்துல பரப்பி வெச்ச போட்டோ ஒன்ன எடுத்துக் காட்டுனேன், அந்தப் புள்ள சூம் பண்ணி சூம் பண்ணி பாக்குது. இத்தன காயான்னு கேட்டுச்சு. அவங்களுக்கு கெணறுதான் பிரச்சனையாம், கடல் உள்ள ஏறி ஏறி தண்ணி கரிக்குதாம், மழத்தண்ணிய தொட்டில புடிச்சு வெச்சுக்கறாங்களாம். நம்மூருல ஆயரம் அடி போர் போட்டும் காத்துதான் வருதுன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம், எதுக்குன்னு தெரியல.

அந்த வாரம் பூரா சண்டை நெலக்கரி, எண்ணெய், கேஸ் பத்தித்தான். படிப்படியா ஒழிக்கோணும்னு தீவுக்காரங்க, எண்ணெய் நாடுங்க முடியாதுங்கறாங்க. 11ஆம் தேதி வந்த வரைவுல இந்த எரிபொருள ஒழிக்கறதுங்கற பேச்சே இல்ல, கொறைக்கறத "செய்யலாம்"ங்கற மாதிரி ஒரு பட்டியல். 12ஆந் தேதியோட முடியோணும், இழுத்து 13ஆம் தேதி காலைல வந்ததுல "விலகி மாறுவது"ன்னு போட்டாங்க. 1992ல ஐநா காலநிலை ஒப்பந்தம் ஆரம்பிச்சு அத்தன வருசத்துல இந்த எரிபொருள் எல்லாத்தயும் சேத்துப் பேரு சொல்லி மாநாட்டு முடிவுல எழுதுனதே அப்பத்தான் மொதல்லயாம், இதுக்கு கைதட்டறதா அழுவறதா சொல்லுங்க.

ஆனா எனக்கு மறக்காதது வேற. தலைவரு சுத்தியலத் தட்டி நிறைவேத்தியாச்சு, எல்லாரும் எந்திரிச்சு கைதட்டறாங்க, நாங்க வெளிய ஸ்கிரீன்ல பாக்கறோம். அப்பறம் 39 சின்னத் தீவு நாடுகளுக்காக சமோவாவோட ஆன் ராஸ்முசன் எந்திரிச்சு, நீங்க சுத்தியலத் தட்டுனப்ப நாங்க ஹால்லயே இல்லீங்களேங்கறாங்க. அவங்க அப்பத்தான் தனியா கூடிப் பேசிட்டு உள்ள வந்தாங்களாம். பேசி முடிச்சதும் அவங்களுக்கும் எந்திரிச்சு நின்னு கைதட்டுனாங்க. தீர்மானத்துல ஒரு எழுத்து மாறல.

அப்பாருகிட்ட இதச் சொன்னேன். "நம்ம கூட்டத்துலயும் டீ குடிக்கப் போனவன் முறை போயிரும் கண்ணு"ன்னாரு.

— ஈரோட்டுல இருந்து ஒருத்தர்:
நான் 2024ல அஜர்பைஜான் நாட்டு பாக்கு நகரத்துக்கு போனேன் அக்கா, சிஓபி 29. அங்கயும் இதே கூத்துதான். காலநிலை மாற்றத்த சமாளிக்க வளரும் நாடுங்க கேட்டது வருசத்துக்கு 1.3 டிரில்லியன் டாலரு, 2035க்குள்ள வருசம் 300 பில்லியன் திரட்டறதா முடிச்சாங்க. விடியக்காலம், பாதிப் பேரு சேர்லயே தூங்கறோம், டக்குனு சுத்தியலத் தட்டிட்டாங்க, அதுக்கப்பறந்தான் இந்தியாவுக்கு மைக்கே வந்துச்சு. ஒத்துக்கமாட்டோம்னு காரசாரமா பேசுனாங்க, நான் கை வலிக்கத் தட்டுனேன். ஆமா அந்தப் பொண்ணு ஊருல கொப்பரை என்ன வெலைக்கா?

— வெலை கேக்கலீங்க தம்பி. ஆனா அங்க கவர்மெண்டே வெல நிர்ணயம் பண்ணி வாங்குதாம். அப்பாரு இதக் கேட்டதுல இருந்து அந்த நாடு எந்தப் பக்கம்னு தெனமும் விசாரிச்சுட்டு இருக்கறாரு.