நியூரம்பர்க் தந்தச் சூரியக் கடிகாரம்: கருவியா, அலங்காரமா?

நிழல்தேடி:
ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் செய்த தந்தச் சூரியக் கடிகாரங்களை அருங்காட்சியகங்கள் அறிவியல் கருவிகளோடு அடுக்குவது எனக்கு ஒப்பவில்லை. டுக்கர், ரைன்மான், ட்ரோஷெல் என்று சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து குவித்த சரக்கு அது. ரைன்மான் என்றால் கிரீட முத்திரை, ட்ரோஷெல் என்றால் பறவை முத்திரை. பூவும் புள்ளியும்கூட அச்சு வைத்துக் குத்தியவைதான். பணக்காரர் பைக்குள் வைத்துக்கொள்ளும் அழகுப் பொருள். அதற்கு மேல் என்ன இருக்கிறது?

கீல்மணி:
நிறைய இருக்கிறது. இரண்டு தந்தப் பலகைகள், நடுவே கீல். மூடியைத் திறந்தால் அது செங்குத்தாக நிற்கும், மூடிக்கும் அடிப்பலகைக்கும் இடையே ஒரு நூல் விறைத்துக்கொள்ளும். பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டிய அந்த நூலின் நிழல்தான் மணி சொல்கிறது. ஊர் மாறினால் சாய்வும் மாற வேண்டும். அதற்காகவே பல கடிகாரங்களில் மூடியில் வரிசையாகத் துளைகள், ஒவ்வோர் அட்சரேகைக்கும் தனி மணிக்கோடுகள், கூடவே நகரங்களின் பட்டியல். வெறும் அழகுக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்?

தச்சன்மகன்:
நான் மரவேலைக்காரன். கீல் துளி தளர்ந்து மூடி சாய்ந்தாலே நூலின் கோணம் போய்விடும். தந்தமோ ஈரத்துக்கு வளையும், காய்ந்தால் வெடிக்கும். அதில் மயிரிழைக் கோடு கீறி, சிவப்பும் கறுப்பும் பச்சையும் அப்பி, மேலே வழித்தெடுத்திருக்கிறார்கள். கை தவறினால் அழிக்க முடியாது. அச்சுக் குத்தியதால் மட்டமான வேலை என்று சொல்லிவிடாதீர்கள்.
ஒரு சந்தேகம்: அடிப்பலகை, மூடி இரண்டிலும் ஒரே நூலின் நிழல் விழுகிறதே, இரண்டும் ஒரே மணி காட்டினால் திசை சரி என்று கொள்ளலாமா?

நிழல்தேடி:
கொள்ள முடியாது ஐயா. நூல் ஒன்று என்பதால் கடிகாரத்தைத் தப்பான பக்கம் திருப்பினாலும் இரண்டும் ஒத்தே போகும், ஒரே தப்பை இரண்டு தடவை சொல்லும். திசைக்கு அடிப்பலகைக் குழியில் வைத்த காந்த ஊசி ஒன்றே கதி. என் முக்கிய மறுப்பும் அங்கேதான். ஊசி உண்மை வடக்கைக் காட்டாது, அந்த விலகலும் ஆண்டுக்கு ஆண்டு நகரும். லண்டனில் 1580இல் கிழக்கே 11 பாகைக்கு மேல் இருந்தது, 1634இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் கெல்லிபிராண்ட் அளந்தபோது சுமார் 4. அந்த 7 பாகைக்கே குளிர்கால நண்பகலில் ஏறக்குறைய அரை மணி பிசகும்.

கீல்மணி:
பழைய கடிகாரம் காலப்போக்கில் பிசகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விலகலை முதலில் கவனித்தவர்களில் ஒருவரே நியூரம்பர்க்காரர், ஜார்ஜ் ஹார்ட்மான். தேவாலயப் பணியில் இருந்தவர், தந்தத்திலும் கடிகாரம் செய்தவர். ரோமில் 6 பாகை, நியூரம்பர்க்கில் 10 என்று 1544இல் கடிதமே எழுதினார். ஊசிக் குழிக்குள் சற்றுச் சாய்வாக ஒரு கோடு பார்த்திருப்பீர்கள், ஊசியை அதன்மேல் நிறுத்தினால் கடிகாரம் உண்மை வடக்குக்குத் திரும்பும். அலங்காரத்துக்கு அந்தச் சாய்வு எதற்கு?

நிழல்தேடி:
அந்தக் கோட்டை நான் கணக்கில் எடுக்கவில்லை. செய்த ஆண்டில் அது கருவிதான், சரி. ஆனால் இந்த உழைப்பை வியக்கும்போது யானையை மறக்க எனக்கு மனம் வரவில்லை. மரத்திலும் இதே கடிகாரத்தைச் செய்தார்களே!

தச்சன்மகன்:
செய்தார்கள். வெள்ளைத் தந்தத்தில் நிழல் பளிச்சென்று தெரியும், அது உண்மை. ஆனாலும் யானை விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான்.