மது விளம்பரங்களும் பதின்பருவத்தினரின் குடிப்பழக்கமும்: தொடர்பு எவ்வளவு?

கேள்வி:
மது விளம்பரங்கள் ஏற்கெனவே குடிப்பவர்களை ஒரு பிராண்டிலிருந்து மற்றொன்றுக்கு இழுக்கவே பயன்படுகின்றன, புதியவர்களைக் குடிக்கத் தூண்டுவதில்லை என்று மது நிறுவனங்கள் நெடுங்காலமாகக் கூறிவருகின்றன. பதினைந்து வயது மகனுக்குத் தந்தையான எனக்கு இதை ஏற்கத் தயக்கமாக உள்ளது. ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மறுமொழி 1:
தங்கள் தயக்கம் நியாயமானதே. 2009-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, 38,000-க்கும் மேற்பட்ட இளையோரைத் தொடர்ந்து கவனித்த 13 ஆய்வுகளைப் பரிசீலித்தது. விளம்பரங்களை அதிகம் கண்டவர்களில், குடிக்காதோர் பின்னர் குடிக்கத் தொடங்குவதற்கும், குடிப்போர் அளவைக் கூட்டுவதற்கும் வாய்ப்பு மிகுகிறது என்ற முடிவுக்கே அவற்றுள் 12 ஆய்வுகள் வந்தன.

மறுமொழி 2:
நான் சற்று மாறுபடுகிறேன். குடியில் ஏற்கெனவே ஆர்வமுள்ள பிள்ளைகள்தாமே இவ்விளம்பரங்களைக் கூர்ந்து கவனித்து நினைவில் வைப்பார்கள்? நண்பர்களின் பழக்கத்தையும் வீட்டுப் பெரியவர்களின் பழக்கத்தையும் விளம்பரத்தின் தாக்கத்திலிருந்து முழுமையாகப் பிரித்தெடுத்துக் கணக்கிடுவது எளிதன்று. விளம்பரத் தடையைப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்றே, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2014-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும் முடிவு செய்தது.

மறுமொழி 3:
அந்தக் காக்ரேன் தொகுப்பாய்வுக்குத் தகுதியானவையாகக் கிடைத்தவை நான்கே ஆய்வுகள். சான்று குறைவு என்பதைத் தீங்கில்லை என்று வாசிக்கலாகாது. விளம்பரத்தில் பானத்தைப் பற்றிய செய்தி சொற்பமாகவே இருக்கிறது. நட்பு, துணிச்சல், கொண்டாட்டம் ஆகியவை அதனுடன் பிணைத்துக் காட்டப்படுவதால், ஒரு துளியும் அருந்தும் முன்பே 'குடித்தால் இப்படி இருக்கும்' என்ற எதிர்பார்ப்பு சிறுவர்களின் மனத்தில் உருவாகிவிடுகிறது. பிரான்ஸின் 1991-ஆம் ஆண்டு எவின் சட்டம் குறிவைத்தது இதைத்தான். தொலைக்காட்சியிலும் திரையரங்கிலும் மது விளம்பரத்தைத் தடுத்த அச்சட்டம், பிற இடங்களில் ஆல்கஹால் அளவு, பிறப்பிடம், தயாரிப்பு முறை போன்ற விவரங்களை மட்டுமே அனுமதித்தது.

கேள்வி கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. என் மகன் தனியாக விளம்பரம் எதையும் பார்ப்பதில்லை. ஆனால் அவன் விரும்பிப் பார்க்கும் கால்பந்தாட்டங்களில் மைதான ஓரப் பலகைகளில் பீர் பிராண்டுகளின் பெயர்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இதுவும் கணக்கில் வருமா?

மறுமொழி 3:
நிச்சயமாக வரும். விளையாட்டுப் போட்டிகளுக்கு நிறுவனங்கள் பணம் கொடுத்து அளிக்கும் ஆதரவும் விளம்பரமே. அதே பெயரையும் சின்னத்தையும் தாங்கி வரும் 'ஆல்கஹால் இல்லாத' பீரின் விளம்பரத்தையும், சமூக ஊடகங்களில் பிரபலங்கள் பணம் பெற்றுக்கொண்டு இடும் பதிவுகளையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் எது காசு கொடுத்து வைக்கப்பட்டது என்று மகனிடமே கேட்டு, ஆட்டத்தின் இடைவேளையில் பேசிப் பாருங்கள்.