மழையே இல்லை, லாகரில் இன்டரப்ட் விநாடிக்கு 30,000!

கேள்வி:
ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கணினியில் மழைமானி லாகர் (மழையளவைப் பதிவு செய்யும் கருவி) ஒன்று செய்திருக்கிறேன். மேசையில் ஒழுங்காக ஓடியது. மாடியில் 15 மீட்டர் கேபிள் இழுத்துப் பொருத்தியதிலிருந்து விஎம்ஸ்டாட் கட்டளையில் இன்டரப்ட் (வன்பொருள் சிபியுவை இடைமறித்துக் கூப்பிடும் சிக்னல்) எண்ணிக்கை விநாடிக்கு 30,000-ஐத் தொடுகிறது, ஆனால் டாப் கட்டளையில் பார்த்தால் எந்த புரோகிராமும் சிபியுவைத் தின்னவில்லை. எங்கே தேடுவது?

பதில்:
இன்டரப்ட்டைக் கவனிக்கப் போவது கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நேரம், அது புரோகிராம் பட்டியலில் சரியாகத் தெரியாது. ப்ராக் அடைவில் இருக்கும் இன்டரப்ட்ஸ் கோப்பை, திரும்பத் திரும்பக் காட்டும் வாட்ச் கட்டளையில் ஓடவிடுங்கள். அதிலுள்ள எண்கள் பூட் ஆனதிலிருந்து சேர்ந்த மொத்தம், அதனால் பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாமல் எந்த வரி வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள்.

கேட்டவர்:
வேகமாக ஏறுவது ஜிபிஐஓ 17 வரி. மழைமானியின் வாளி சாயும்போது காந்தத்தால் இயங்கும் ரீட் சுவிட்ச் வரும் பின்தான்.

பதில்:
அப்போ கேபிள் ஆன்டெனா மாதிரி சுற்றியுள்ள மின் இரைச்சலைப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் புல்-அப் (பின்னை 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) சுமார் 50 கிலோ ஓம், அவ்வளவு நீள வயருக்கு அது போதாது. வெளியே 3.3 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். பைத்தானில் டிபவுன்ஸ் (அடுத்தடுத்து வரும் போலித் துடிப்புகளை ஒதுக்கும் கோடு) எழுதிப் பிரயோஜனமில்லை, அது ஓடுவதற்குள் இன்டரப்ட் வந்து முடிந்திருக்கும்.

இன்னொரு பதில்:
எனக்கு இதே தொல்லை சீரியல் போர்ட்டில். 115200 பாட் வேகம் என்றால், ஒரு பைட்டுக்கு 10 பிட் கணக்கில், விநாடிக்கு 11,520 பைட், எழுத்துக்கு ஒரு இன்டரப்ட் என்று வாங்கிக்கொண்டிருந்தது. ஃபிஃபோவை (பைட்டுகளைச் சேர்த்து வைக்கும் சிறு நினைவகம்) இயக்கி 8 பைட்டுக்கு ஒன்று என்று வைத்ததும் 1,440 ஆனது.

கேட்டவர்:
ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் இரண்டும் போட்டாச்சு. வாளியைக் கையால் சாய்த்தால் மட்டும் ஜிபிஐஓ 17 வரி ஏறுகிறது. நன்றி அண்ணே!