ரோமில் இரண்டு நாள்: கொலோசியம், ஃபோரம், பாந்தியான் எந்த வரிசையில்?

பயணப்பை:
மே மாதம் ரோமில் முழுசாக இரண்டு நாள் இருக்கிறது. அம்மாவும் வருகிறார், முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். கொலோசியம், ஃபோரம், பாந்தியான் மூன்றையும் பார்க்க வேண்டும். எதை முதலில் வைத்துக்கொள்வது? டிக்கெட் எப்படி?

கல்லும்காரையும்:
கொலோசியம் டிக்கெட்டை முதலில் எடுங்கள். மற்றதை அந்த நேரத்தை ஒட்டி அமைத்துக்கொள்ளலாம். அதிகாரபூர்வ தளத்தில் 30 நாளைக்கு முன்புதான் விற்பனை திறக்கும், நல்ல நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். சாதாரண டிக்கெட் 18 யூரோ, 24 மணி நேரம் செல்லும். ஃபோரமும் (பழைய ரோமின் பொதுச் சதுக்கம், இப்போது இடிபாடுகள்) அதை ஒட்டிய பாலட்டைன் குன்றும் அதிலேயே அடக்கம். ஆனால் அங்கே ஒருமுறைதான் நுழையலாம், சாப்பிட வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. டிக்கெட்டில் பெயர் வரும், வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். இனிஷியலோடு நிறுத்தாமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயரைக் கொடுங்கள்.

தெற்குவாசல்:
கொலோசியத்தில் படிகள் செங்குத்து. நடக்க முடியாதவர்களுக்கு லிஃப்ட் உண்டு, ஊழியரிடம் கேளுங்கள். அம்மாவுக்குக் கஷ்டம் ஃபோரத்தில்தான். வியா சாக்ரா பாதையில் பழைய கருங்கல் பாளங்கள் தேய்ந்து மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். இடுக்கில் கைத்தடியின் நுனி மாட்டிக்கொள்ளும். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ கட்டாயம். பேரரசர் டைட்டஸின் வெற்றி வளைவுப் பக்கம் நுழைந்தால் ஃபோரம் வரை இறக்கம். பாலட்டைன் ஏற்றத்தை அம்மா விட்டுவிடலாம். வளைவைச் சும்மா கடந்துவிடாதீர்கள்: அடியில் நின்று பக்கச் சுவரைப் பாருங்கள், எருசலேம் கோயிலிலிருந்து ரோமானியர் தூக்கிவந்த ஏழு கிளை விளக்கு செதுக்கியிருக்கும். ஃபோரத்துக்குள் நிழல் குறைவு. கண்ணாடி பாட்டிலுக்கு அனுமதி இல்லை, பிளாஸ்டிக்கில் கொண்டுபோங்கள். தெருக்குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது.

கல்லும்காரையும்:
பழைய ரோமானியக் கோயிலாக இருந்து தேவாலயமான பாந்தியானை இரண்டாம் நாள் வையுங்கள். 5 யூரோ, படி ஏறும் வேலை இல்லை. இன்றும் தேவாலயம் என்பதால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். திருப்பலி (வழிபாடு) நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து உச்சித் துளை வரை உயரமும் ஒன்றே, சுமார் 43.3 மீட்டர். குவிமாடக் கான்கிரீட்டுக்குள் இரும்புக்கம்பி கிடையாது. கான்கிரீட்டில் கீழே கனமான கல், மேலே போகப் போக நுரைபோன்ற எரிமலைக்கல் என்று கலந்து எடையைக் குறைத்ததால் இத்தனை நூற்றாண்டாக நிற்கிறது. வெயில் நாளில் நண்பகல் போனால் ஒளிவட்டம் பளிச்சென்று விழும். மழையில் துளை வழியே தண்ணீர் கொட்டும், பளிங்குத் தரை வழுக்கும். அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தெற்குவாசல்:
ஒன்று விட்டுப்போயிற்று. மாதத்தின் முதல் ஞாயிறு மூன்றும் இலவசம். ஆனால் அன்று கொலோசியத்துக்கு முன்பதிவு கிடையாது, வெயிலில் நீண்ட வரிசை. உங்கள் தேதியில் அந்த ஞாயிறு வந்தால் கொலோசியத்தை மற்ற நாளுக்குத் தள்ளிவிடுங்கள்.