புதுப்பிப்பு: ட்வின் கேம் ஊளைச் சத்தத்துக்கு விடை கிடைத்தது

ஹார்லி பைக்கின் ட்வின் கேம் எஞ்சினில், கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சுழற்றும் செயினை எடுத்துவிட்டு, பற்சக்கரத்தால் சுழலும் கியர் டிரைவ் கேம்ஷாஃப்ட் போட்டதும் ஊளையிடுகிறது என்று எழுதியிருந்தேன். சிங்கப்பூர் காக்கி புக்கிட் பட்டறையில் மறுபடி திறந்து பார்த்தாயிற்று.

பினியன் ஷாஃப்ட் (கேம் கியரைச் சுழற்றும் கிராங்க் தண்டின் முனை) சுழலும்போது விலகும் அளவான ரன்அவுட் 0.003 அங்குலத்துக்குள்தான், அதாவது 0.076 மி.மீ. அதைத் தாண்டினால் கியர் டிரைவே வேண்டாம். கோளாறு கியர்ப் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில். புஷ்ராடுகளை (கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் கம்பிகள்) கழற்றிவிட்டுத்தான் சோதிக்கணும். வால்வு ஸ்பிரிங் அழுத்தம் இருந்தால் பற்களின் ஆட்டம் கைக்குத் தெரியாது. கேம் ஒரு சுற்று முடிய கிராங்க் இரண்டு சுற்று. கால் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, கியரை ஆட்டிப் பாருங்கள். இங்கே ஒரே இடத்தில் மட்டும் பல் கவ்விப் பிடித்தது.

இறுக்கம் என்றால் ஊளை, தளர்வு என்றால் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) கடகட. சூடேறினால் அலுமினிய கேஸ் விரிந்து இடைவெளி கூடும். எஞ்சின் ஆறிய பிறகே அளவெடுங்கள். சற்றே சிறிய பினியன் கியர் போட்டதும் சத்தம் அடங்கிவிட்டது.