கழுத்தில் ஷ்வானோமா கட்டி: உடனே எடுத்தே ஆக வேண்டுமா?

என் அண்ணனுக்கு வயது 41. இடது பக்கம், தாடைக்குக் கொஞ்சம் கீழே ஒரு கட்டி, 3 செ.மீ. இருக்கும். வலி கிடையாது. நெறிகட்டியிருக்கிறது என்று இரண்டு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், கரையவில்லை. ஊசி குத்தி எடுத்த டெஸ்டில் செல்கள் போதவில்லை என்று வந்தது. இப்போது எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு வேகஸ் நரம்பில் (மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி, குரல்நாணையும் இயக்கும் நரம்பு) வந்த ஷ்வானோமா போலிருக்கிறது, அடுத்த வாரமே எடுத்துவிடலாம் என்கிறார்கள். அண்ணன் பள்ளி ஆசிரியர், நாள் முழுக்கப் பேச வேண்டும். குரல் போய்விடுமோ என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடக்கிறார். இது புற்றுநோயா? தள்ளிப்போட்டால் ஆபத்தா?

பதில் 1
எனக்கு இதே கட்டி இருந்தது, 4 வருஷம் முன்னால் எடுத்தார்கள். ஒன்று கேட்கிறேன், கட்டியை விரலால் அழுத்தினால் அண்ணனுக்கு இருமல் வருகிறதா? எனக்குச் சட்டைக் காலர் பட்டாலே வறட்டு இருமல் வரும், வேகஸ் நரம்புக் கட்டிக்கு அது முக்கியமான அறிகுறி என்று பிறகுதான் சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது என் குரல் வெறும் காற்றாக வந்தது, தண்ணீர் குடித்தால் புரை ஏறும். குரல் பயிற்சி, அப்புறம் குரல்நாணில் ஒரு ஊசி, எல்லாம் சேர்ந்து எட்டு மாதத்தில் ஓரளவு தேறியது. இன்றைக்கும் உரக்கக் கூப்பிட முடியாது. பயமுறுத்தச் சொல்லவில்லை, எனக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

பதில் 2
நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். படத்தைப் பார்க்காமல் பொதுவாகத்தான் சொல்ல முடியும். ஷ்வானோமா என்பது நரம்பைச் சுற்றியுள்ள உறைச் செல்களில் வளரும் கட்டி, புற்றுநோய் அல்ல, அப்படி மாறுவதும் மிக அரிது. மெதுவாகத்தான் வளரும். அதனால் ஒரு வாரத்தில் முடிவெடுக்கும் கட்டாயம் பெரும்பாலும் இருக்காது. ஊசி டெஸ்டில் தெளிவாக வராததும் சகஜம்தான். கட்டி எந்த நரம்பில் இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ.யிலேயே ஊகிக்கலாம்: வேகஸ் என்றால் கரோட்டிட் தமனிக்கும் ஜுகுலர் சிரைக்கும் நடுவே புகுந்து இரண்டையும் பிரித்துவிடும், சிம்பதெடிக் நரம்பு (கழுத்தில் பக்கத்திலேயே ஓடும், கண்ணிமைக்கும் கண்மணிக்கும் போகும் நரம்பு) என்றால் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்து முன்னால் தள்ளும். இரண்டாவதில் குரலை விட, ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கத்து இமை தாழ்வது, கண்மணி சுருங்குவது, சாப்பாட்டின் முதல் கடியில் தாடையில் சுரீர் என்று வலிப்பது, இவைதான் தொந்தரவு.

எடுப்பதிலும் முறை இருக்கிறது. நரம்பிழைகள் கட்டியின் மேல் மெல்லிய நாடா போலப் பரவிக் கிடக்கும். அவற்றை அறுக்காமல், இழை ஓடும் திசையிலேயே உறையைக் கீறி உள்ளிருப்பதை மட்டும் எடுக்கலாம். நரம்பைக் கண்காணிக்கும் கருவியையும் வைத்துக்கொள்வார்கள். அப்படியும் குரல் பலவீனமாகலாம், மறைக்கக் கூடாது. ஆனால் நரம்பை அறுத்து மொத்தமாக எடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. எந்த முறை, கருவி இருக்கிறதா, இப்போது குரல்நாண் சரியாக அசைகிறதா, மூன்றையும் கேளுங்கள்.

பதில் 3
டாக்டர் சொன்னதோடு ஒன்று. எனக்கும் முதலில் ஷ்வானோமா என்றுதான் சொன்னார்கள், கடைசியில் பாராகாங்லியோமா, அதாவது ரத்தக் குழாயை ஒட்டிய நரம்பு முடிச்சுச் செல்களில் வளரும் வேறு வகைக் கட்டி. கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டில் உட்கார்ந்திருந்தது. கை வைத்தால் துடிக்கும், பக்கவாட்டில் அசையும், மேலும் கீழும் அசையாது. ரத்த ஓட்டம் அதிகம் உள்ள கட்டி, அதனால் தெரியாமல் வெட்டி பயாப்ஸி எடுத்தால் ரத்தம் கொட்டும். சில சமயம் ஹார்மோன் சுரந்து ஆபரேஷன் மேஜையில் ரத்த அழுத்தம் எகிறும், கழுத்தில் அது குறைவு என்றாலும் முன்னாலேயே மெட்டாநெஃப்ரின் டெஸ்ட் (அந்த ஹார்மோன் சிதைந்து உண்டாகும் பொருளை அளப்பது) செய்துவிடுவது நல்லது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்றும் பாருங்கள். எங்களுக்கு எஸ்.டி.எச்.டி. மரபணுவில் கோளாறு, அது அப்பா வழியாக வந்தால்தான் பொதுவாகக் கட்டி வருமாம். என் தம்பிக்கும் ஸ்கேனில் சின்னதாக ஒன்று தெரிந்தது.

கேட்டவர்
எல்லோருக்கும் நன்றி. இருமல் வருகிறது, அழுத்தினால் உடனே. நேற்று வேறொரு மருத்துவரைப் பார்த்தோம், மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார், குரல்நாண் இரண்டும் நன்றாக அசைகிறது. கட்டி சிம்பதெடிக்கில் இல்லை, வேகஸில்தான் என்றார். ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன், வளர்ந்திருந்தால் உள்ளிருப்பதை மட்டும் எடுக்கும் முறை. மெட்டாநெஃப்ரினுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டோம். அண்ணன் கட்டியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பார், நேற்று ராத்திரி கையை எடுத்துவிட்டுத் தூங்கினார்.