புதுப்பிப்பு: தங்கச்சி கல்யாணம் துபாயிலா, நாகர்கோவிலிலா?

மாப்பிள்ளை, பொண்ணு ரெண்டு பேருக்கும் துபாயில் வேலை. அங்கேயே கல்யாணத்தை நடத்தினால் செலவு குறையுமா என்று மூணு மாசம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முடிவு: தாலிகட்டு ஊரில், வரவேற்பு மட்டும் துபாயில், ஜனவரியில். கோடையில் அங்கே 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும், திறந்தவெளியை நினைக்கவே முடியாது.

நான் சறுக்கின இடம் ஒன்று. ஹோட்டலில் தலைக்கு 180 திர்ஹாம் என்றார்கள். 60 பேருக்கு 10,800 என்று நோட்டில் எழுதி அடியில் கோடும் போட்டுவிட்டேன். மாதிரி பில் வந்தபோது சேவைக் கட்டணம் 10 சதவீதம், முனிசிபாலிட்டி கட்டணம் 7, வாட் 5. கூட்டினால் 13,100ஐத் தாண்டுது! விலைக்குப் பக்கத்தில் குட்டியாக ரெண்டு பிளஸ் குறி இருந்ததாம்; சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அதற்கு அர்த்தமாம். யார் கண்ணில் பட்டது? இனி கேட்பவர்கள் 'எல்லாம் சேர்த்து எவ்வளவு' என்றே கேளுங்க.

ஊர்ப் பக்கம் அப்பாதான் பெரிய செலவு. "மக்களே, ஆயிரம் பேருக்கு இலை போடலேன்னா நான் வடசேரில எப்படி நடமாடுவேன்?" பேரம் பேசி 600க்கு இறக்கினோம். போளியும் பால் பாயசமும் குறையக்கூடாது என்பது அவர் நிபந்தனை. பூ தோவாளைச் சந்தையில் நேரில் வாங்குகிறோம்.

கல்யாணத்தை 90 நாளுக்குள் இங்கே பதிவு செய்யணும். அந்தப் பொறுப்பு என் தலையில்.